தேனிலவுக்கு வந்த சம்பந்திகள்

ஓக்சிம் தன் மகளின் பெயரை விமான நிலையத்தின் கண்ணாடிக் கதவுக்கு உள்ளே இருந்தே பார்த்துவிட்டாள். வெளியே டாக்சி டிரைவர்கள் வரிசையாக அட்டை பிடித்துக்கொண்டு நின்றார்கள். அதில் ஓர் அட்டையில், 'மாப்பிள்ளை பியோ கிஹோ, மணப்பெண் நம் மிரான், ஜேஜு தீவுக்கு வருக' என்று கொட்டை எழுத்தில் எழுதி, ஓரத்தில் இரண்டு கடுகுப்பூக்களை ஒட்டியிருந்தார்கள். மகளின் பெயரைக் கடைசியாக அவ்வளவு பெரிதாக அவள் பார்த்தது சியோல் ஆஸ்பத்திரியில், சவ அறைக்கு வெளியே தொங்கிய பலகையில். கால் அப்படியே நின்றுவிட்டது.

"என்ன சம்பந்தியம்மா, மலைச்சுப் போய் நின்னுட்டீங்க? நம்ம வண்டி அதோ நிக்குது," என்று கப்சன் அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். கப்சன் மாப்பிள்ளையின் அம்மா. கிழக்குக் கடற்கரையில் மீன் சந்தையில் கருவாடு விற்பவள். அவள் குரல் காதுக்குப் பக்கத்தில் பேசினாலும் அடுத்த தெருவுக்குக் கேட்கும்.

அவர்களோடு இறங்கிய கூட்டம் பூராவும் புதுசாகக் கல்யாணமானவர்கள். மாப்பிள்ளையும் பெண்ணும் ஒரே நிறத்தில் சட்டை போட்டுக்கொண்டு, ஒருவர் பையை ஒருவர் தூக்கிக்கொண்டு, சிரிக்கத் தெரியாமல் சிரித்துக்கொண்டு போனார்கள். அந்தக் கூட்டத்துக்கு நடுவே ஐம்பது தாண்டிய இரண்டு பொம்பளைகள், ஆளுக்கொரு துணிமூட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தால் டிரைவர் என்னதான் நினைப்பான்.

டிரைவர் கோ தல்சு நல்ல வெயில்பட்ட முகக்காரன். கழுத்தில் கேமரா தொங்கியது. தேனிலவு ஜோடிகளை ஏற்றி, தீவைச் சுற்றிக் காட்டி, அங்கங்கே நிறுத்தி எப்படி நிற்க வேண்டும், எப்படிச் சாய வேண்டும் என்று சொல்லிப் படம் எடுத்துக் கொடுப்பதுதான் அவன் தொழில். இரண்டு பேரையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அவர்கள் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான்.

"மாப்பிள்ளையும் பொண்ணும் எங்கம்மா? பெட்டி எடுக்க நிக்கிறாங்களா?" என்றான். பிறகு தானே சிரித்துக்கொண்டான். "தேனிலவுக்கு ரெண்டு மாமியாருமா கூட வந்திருக்கீங்க? இத்தன வருஷத்துல நான் இப்படி ஒண்ணப் பாத்ததில்ல. பாவம்மா அந்தப் பையன்."

ஓக்சிம் தரையைப் பார்த்தாள். கப்சன்தான் ஒரு தூணோரமாக அவனை ஒதுக்கி, தன் மூட்டையின் முடிச்சை அவிழ்த்துக் காட்டினாள். உள்ளே கண்ணாடி போட்ட படம். கோட்டு சூட்டில், தலையை வழித்து வாரிய பையன். மூலையில் சாவுக்குக் கட்டும் கறுப்பு நாடா இல்லை. கல்யாணத்துக்காக அதை எடுத்துவிட்டார்கள்.

"இவன்தான் மாப்பிள்ளை. பொண்ணு அவங்க கையில இருக்கா," என்றாள்.

கல்யாணம் போன மாதம்தான் நடந்தது. மலையடிவாரத்தில் ஒரு பூசாரிப் பெண் மணியடித்து நடத்தி வைத்தாள். காகிதத்தில் ஒரு மாப்பிள்ளை, காகிதத்தில் ஒரு பெண். இரண்டும் ஒன்றையொன்று குனிந்து வணங்கின, அதாவது வணங்க வைத்தார்கள். ஒரே மெத்தையில் படுக்கப் போட்டு, விடிந்ததும் இரண்டையும் எரித்தார்கள். கல்யாணமாகாமல் போன உயிர் தானும் தூங்காது, பெற்றவர்களையும் தூங்க விடாது என்று சொல்லி, செத்த பிள்ளைகளுக்கு இப்படி ஒரு கல்யாணம் செய்வது உண்டு. மிரானும் கிஹோவும் உயிரோடு இருந்தபோது ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. அவள் சியோலில் ஒரு தையல் ஃபாக்டரியில் வேலை பார்த்தவள். வாடகை அறையின் தரைக்கடியில் சூட்டுக்காக எரிந்த கரியின் விஷப்புகை, தரை விரிசல் வழியாக ஏறி, தூக்கத்திலேயே போய்விட்டாள். அவன் அரபு நாட்டுக்குக் கட்டட வேலைக்குப் போய், சாரத்திலிருந்து விழுந்து, பெட்டியில் வந்து சேர்ந்தவன். தரகர் பிறந்த நாள், பிறந்த நேரம் எல்லாம் வைத்துப் பார்த்துவிட்டு, பொருத்தம் அமோகம் என்றாராம். உயிர் இருந்தபோது எங்கே போய்த் தொலைந்திருந்ததோ அந்தப் பொருத்தம்.

தல்சுவின் முகத்திலிருந்த சிரிப்பு இறங்கிவிட்டது. தொப்பியைக் கழற்றிப் படத்துக்கு ஒரு வணக்கம் வைத்தான். ஆனால் டிக்கியைத் திறக்கவில்லை.

"அம்மா, தப்பா நினைக்காதீங்க. புது வண்டி. போன வாரம்தான் பன்னித்தலை வெச்சுப் படையல் போட்டேன். நாளைக்கு இதே சீட்டுல இன்னொரு ஜோடி உக்காரணும். எனக்கும் ரெண்டு புள்ளைங்க இருக்கு."

"உயிரோட வர்ற ஜோடியெல்லாம் ராத்திரி முழுக்கக் குடிச்சுட்டு வந்து உன் சீட்டுல வாந்தி எடுக்குதுங்க," என்றாள் கப்சன். "இதுங்க வாந்தி எடுக்குமா? எச்சி துப்புமா? இந்த மாதிரி ஒழுங்கான சவாரி உனக்கு ஜென்மத்துக்கும் கிடைக்காது தம்பி. ஏத்து."

அவன் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தான். பிறகு கடையில் ஒரு பாட்டில் சோஜு சாராயம் வாங்கி வந்து, நாலு சக்கரத்துக்கும் ஊற்றி, தீவின் தெய்வங்களுக்கு ஏதோ முணுமுணுத்துவிட்டு, பின்கதவைத் திறந்தான். பெற்றவர்களுக்கு அல்ல, படங்களுக்குத் திறந்தான். "மாப்பிள்ளை மொதல்ல ஏறட்டும். பொண்ணு இடது பக்கம்," என்றான். ஒரு தொழிலைப் பிடித்துவிட்டால் அதை ஒழுங்காகச் செய்கிற ஆள் அவன்.

ஓக்சிம் ஏறி உட்கார்ந்து படத்தை மடியில் வைத்துக்கொண்டாள். தேனிலவு கப்சனின் யோசனை. ஓக்சிம் இந்தத் தீவுக்கு வந்தது கடலைப் பார்க்க அல்ல. 'என் பொண்ணைத் தர மாட்டேன்' என்று ஒரு வார்த்தை சொல்ல வந்திருந்தாள். அந்த வார்த்தையைத் தொண்டையில் வைத்துக்கொண்டுதான் விமானம் ஏறினாள், அது இன்னும் அங்கேயேதான் இருந்தது.

விஷயம் இதுதான். மிரானை ஓக்சிம் தன் ஊரில், வீட்டுக்குப் பின்னாலிருந்த சோயாத் தோட்டத்தின் மேட்டில் புதைத்திருந்தாள். கல்யாணமாகாத பெண்ணுக்குச் சமாதி மேடு எதற்கு, எரித்து ஆற்றில் கரைத்துவிட வேண்டியதுதானே என்று அவள் செத்த புருஷனின் அண்ணன்மார் குதித்தார்கள். ஓக்சிம் தோண்டிய குழிக்குள்ளேயே போய்ப் படுத்துக்கொண்டாள். எழுந்திருக்க மாட்டேன் என்றாள். அப்படி வாங்கிய ஆறடி இடம் அது. ஆனால் அவள் காலத்துக்குப் பிறகு அந்த மேட்டில் புல் வெட்ட யார் வருவார்கள்? படையல் போட யார் இருக்கிறார்கள்? கப்சனின் குடும்பத்துக்குச் சொந்தத்தில் ஒரு குன்றே உண்டு. அங்கே மருமகளாகப் போனால் வருஷா வருஷம் சோறு, பழம், வணக்கம் எல்லாம் தவறாமல் கிடைக்கும். கப்சனுடைய கொழுந்தன் பேரன்களில் ஒருவனை இவர்களுக்குப் பிள்ளையாகவும் எழுதி வைப்பார்கள். அதனால்தான் ஓக்சிம் சம்மதித்தாள்.

அடுத்த மாதம் மேட்டைத் திறந்து மிரானை எடுத்துக்கொண்டு போய், நாட்டின் அந்தக் கோடியில் கிஹோவுக்குப் பக்கத்தில் வைப்பதாக ஏற்பாடு. வாய் சரி என்றது, பெற்ற வயிறு சரி என்று சொல்லவில்லை. கல்யாணம் முடிந்த நாளிலிருந்து ஓக்சிம் தினம் விடிந்ததும் மேட்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டு, இன்னும் கொஞ்ச நாள்தான், இன்னும் கொஞ்ச நாள்தான் என்று அழுதாள். கட்டிக்கொடுத்த பெண் அயல்வீட்டுப் பெண் என்பார்கள். அதற்கப்புறம் மகளைப் பார்க்க வேண்டுமானால் சம்பந்தி வீட்டு வாசலில் போய் நின்று, 'உள்ளே வரலாமா' என்று கேட்க வேண்டும். சம்பந்தி வீடும் கக்கூசும் எட்ட இருந்தால்தான் நல்லது என்று ஊரில் சொல்வார்கள், ஆனால் மகள் அவ்வளவு எட்டத்தில் இருப்பதை அவளால் தாங்க முடியாது.

முதலில் டிராகன் தலைப் பாறை. கரும்பாறை ஒன்று கடலிலிருந்து கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கும். அதன் முன்னால் படம் எடுக்க ஜோடிகள் வரிசையில் நின்றார்கள். மற்ற டிரைவர்களின் கத்தல் காதைப் பிளந்தது. "மாப்பிள்ளை, பொண்ணைத் தூக்கு. ஏன்யா, சாப்பிடலியா? பொண்ணு, கண்ணை மூடாத."

தல்சு ஒரு பாறையைத் துடைத்து, தன் கோட்டைக் கழற்றி விரித்து, இரண்டு படங்களையும் சாய்த்து நிறுத்தினான். கேமராவில் கண்ணை வைத்தவன் தலையை நிமிர்த்தினான்.

"மாப்பிள்ளை ரொம்பத் தள்ளி நிக்கிறாரு. வெக்கமா? அம்மா, கொஞ்சம் நெருக்கி வைங்க."

கப்சன் ஓடிப் போய் மகனின் சட்டத்தை மிரானின் சட்டத்தோடு ஒட்டி வைத்தாள். "எங்க கிஹோ சின்ன வயசுலேருந்தே இப்படித்தான். பொம்பளப் புள்ளைங்க வந்தா அண்டா மறைவுல போய் ஒளிஞ்சுக்குவான்," என்றாள். சொல்லிவிட்டு, "பாருங்க சம்பந்தியம்மா, எம் மருமக எவ்வளவு லட்சணம். கடலே அவளுக்காக வந்து நின்ன மாதிரி இருக்கு," என்றாள்.

'எம் மருமக' என்ற சொல் ஓக்சிமுக்கு ஊசியாகக் குத்தியது. இப்போதே சொல்லிவிடலாமா என்று வாயைத் திறந்தாள். அதற்குள் தல்சு, "பெத்தவங்களும் ரெண்டு பக்கமும் நில்லுங்க," என்றுவிட்டான். நின்றார்கள். படம் எடுத்தாகிவிட்டது.

சாயங்காலம் விடுதியில் ஒரே ஓர் அறைதான் கொடுத்தார்கள். ஏற்பாடு செய்தது தேனிலவுக்கு அல்லவா, அதற்கு எதற்கு இரண்டு அறை. கட்டிலில் துவாலையை மடித்து இரண்டு அன்னங்கள் செய்து, மூக்கோடு மூக்கு ஒட்டி வைத்திருந்தார்கள். கப்சன் அன்னங்களை நகர்த்தி, இரண்டு படங்களையும் ஒரே தலையணையில் படுக்க வைத்தாள். விளக்கைத் தணித்தாள். பிறகு ஓக்சிமின் தோளைத் தட்டி, "வாங்க போகலாம். சின்னஞ்சிறுசுங்க, பேசட்டும்," என்றாள்.

இரண்டு பேரும் கீழே வரவேற்பறை சோபாவில் போய் உட்கார்ந்து, ஆரஞ்சு உரித்துத் தின்றார்கள். கப்சன் கருவாட்டு விலையைப் பற்றியும், சந்தையில் தராசில் காந்தம் ஒட்டி விற்கிற ஒருத்தியைப் பற்றியும் ஓயாமல் பேசினாள். ஓக்சிமுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததற்காகத் தன்மேலேயே கோபமும் வந்தது. இந்த மனுஷி கெட்டவளாக இருந்திருந்தால் எவ்வளவு வசதியாக இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் மஞ்சள் கடுகுப்பூ வயல். தீவு முழுக்கப் பூத்துக் கிடந்தது. இடுப்பளவு பூவுக்குள் இறங்கி, ஓக்சிம் மகளை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் ஒரு புதுப்பெண், இன்னும் கல்யாணச் சிகை கலையாதவள், புருஷன் கேமராவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நேரத்தில் இவர்களிடம் வந்தாள்.

"அம்மா, உங்க புள்ளைங்களா? ரொம்ப அழகா இருக்காங்க. அவங்க வரலியா?"

எதையும் எட்டு ஊருக்குக் கேட்கப் பேசுகிற கப்சன், அன்றைக்குத்தான் முதல்முதலாகத் தாழ்ந்த குரலில் பேசினாள்.

"வேலை அதிகம்மா. லீவு கிடைக்கல. அதான் எங்கள அனுப்பி, இடமெல்லாம் பாத்துட்டு வாங்கன்னு சொன்னாங்க."

"எவ்வளவு நல்ல புள்ளைங்க," என்றாள் அந்தப் பெண். "எங்க மாமியாரையும் கூட்டிட்டு வந்திருக்கலாம்னு இவர்கிட்ட சொன்னேன். கேக்கல."

"தப்பிச்சுட்டான்னு சொல்லு," என்று கப்சன் சிரித்தாள். அந்தப் பெண் போன பிறகு பூவுக்குள் குனிந்து, செருப்பு வாரைச் சரிசெய்கிற மாதிரி வெகுநேரம் குனிந்தே இருந்தாள்.

கடைசியில்தான் அந்தக் கல்தாத்தா வந்தது. தீவு முழுக்க மூலைக்கு மூலை நிற்கிற கறுப்புக் கல் சிலைதான். பிதுங்கிய கண், குல்லா, வயிற்றில் கை. அதன் மூக்கைத் தொட்டால் ஆம்பளைப் பிள்ளை பிறக்கும் என்று தேனிலவுக்கு வருகிற பெண்கள் எல்லோரும் தொட்டுத் தொட்டு, மூக்கு மட்டும் வழவழவென்று தேய்ந்துபோயிருந்தது.

தல்சுவைக் குற்றம் சொல்லக் கூடாது. வருஷக்கணக்காக ஒரே வசனத்தைத் தினமும் பத்து முறை சொல்கிறவன் வாய் அது, அவன் கேட்காமலே பேசும். படங்களைச் சிலையின் காலடியில் வைத்துவிட்டு, கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு, "மணப்பொண்ணு அப்படியே தாத்தாவோட மூக்கைத் தொடட்டும். பத்தாம் மாசம் ஆம்பளப் புள்ள நிச்சயம்," என்றுவிட்டான்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது. கேமரா கையிலேயே நின்றது. முகம் வெளுத்தது.

கப்சன் கோபப்படவில்லை. "அதுவும் நல்லதுதான். கொழுந்தன் பேரன எழுதி வெக்கப் போறோமே, அவன் நல்லா இருக்கட்டும்," என்று சொல்லி, மிரானின் படத்தை இரண்டு கையாலும் தூக்கி, கண்ணாடியின் மூலையை அந்தக் கல்மூக்கில் மெதுவாக ஒட்டினாள். கண்ணாடி கல்லில் உரசும் சத்தம் கேட்டது.

ஓக்சிம் பாய்ந்து போய்ப் படத்தைப் பிடுங்கினாள்.

"போதும். செத்தவளுக்குப் புள்ள வேற பொறக்கணுமா உங்களுக்கு?"

"சம்பந்தியம்மா..."

"சம்பந்தியும் கிடையாது ஒண்ணும் கிடையாது. ஏப்ப சாப்ப பொம்பளன்னு நினைச்சுத்தான எல்லாரும் ஆட்டி வெக்கிறீங்க. எம் பொண்ணுக்கு ஒரு வளையல் வாங்கிப் போடலை நான். ஒரு நல்ல துணி எடுத்துக் குடுக்கலை. மாசாமாசம் அவ அனுப்பின காசுல உக்காந்து தின்னேன். இப்ப அவள உங்க குன்றுக்கு மருமகளாக்கி, உங்க பேரனுக்கு அம்மாவாக்கி, உங்க படையலுக்குக் காவல் வெக்கணுமா? தர மாட்டேன். அடுத்த மாசம் யாரும் மம்பட்டியத் தூக்கிட்டு எங்க ஊருக்கு வர வேணாம்."

அக்கம்பக்கத்து ஜோடிகள் திரும்பிப் பார்த்தார்கள். தல்சு அவர்கள் பக்கம் கையை ஆட்டி, போங்க போங்க என்றான். கப்சன் மகனின் படத்தை எடுத்துத் துணியில் சுற்றினாள், முடிச்சைப் போட்டாள், வண்டியில் போய் உட்கார்ந்தாள்.

ரேடியோவை தல்சு போட்டான், பாட்டு வந்தது, உடனே அணைத்தான். கடற்கரையோரம் சிப்பிக் கஞ்சி விற்கிற ஒரு கடை முன்னால் தானாகவே நிறுத்தி, "சூடா ஏதாவது குடிங்கம்மா. நான் அங்க நிக்கிறேன்," என்று தூரமாகப் போய் சிகரெட் பற்றவைத்தான். பெரிய தப்பு செய்துவிட்டவன் மாதிரி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

கடைக்காரி கஞ்சியைக் கொண்டுவந்து வைத்தாள். இரண்டு கிண்ணத்திலும் ஆவி பறந்தது, இரண்டு பேரும் தொடவில்லை. மீன் சந்தைக்காரி, வாய்க்கு வாய் திட்டப் போகிறாள், கல்யாணச் செலவைச் சொல்லிக் காட்டப் போகிறாள் என்று ஓக்சிம் தயாராக இருந்தாள். திட்டினால் நல்லது. திட்டினால் எழுந்து போய்விடலாம்.

கப்சன் மூட்டையை அவிழ்த்து மகனின் படத்தை மடியில் வைத்துக்கொண்டாள்.

"அப்ப ஒண்ணு பண்ணுவோம் சம்பந்தியம்மா," என்றாள். "நீங்க அவள அனுப்ப வேணாம். இவன் அங்க வரட்டும்."

ஓக்சிமுக்குப் புரியவில்லை. "எங்க?"

"உங்க தோட்டத்துக்கு. அவ பக்கத்துல கொஞ்சம் இடம் இருக்கும்ல? வீட்டோட மாப்பிள்ளையா இருந்துட்டுப் போறான்."

ஓக்சிம் அவள் முகத்தையே பார்த்தாள். மூன்று மரக்கால் உமி கையில் இருந்தாலும் மாமியார் வீட்டில் போய்க் குந்தாதே என்று ஆம்பளைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்க்கிற நாடு இது. கிஹோ ஒரே மகன், குடும்பத்துக்கே மூத்த வாரிசு. தாத்தா முப்பாட்டன் எல்லோரும் வரிசையாகப் படுத்திருக்கிற குன்றிலிருந்து அவனைத் தோண்டி எடுத்து, யாரோ ஒருத்தியின் சோயாத் தோட்டத்துக்கு அனுப்புவதா? கப்சனின் கொழுந்தன்மார் கம்பை எடுத்துக்கொண்டு வருவார்கள்.

"உங்க வீட்டுல விடுவாங்களா?"

"விட மாட்டாங்க. கத்துவாங்க. நான் என்ன கத்தத் தெரியாதவளா?"

"அவனுக்கு யாரு படையல் போடுவாங்க? எழுதி வெக்கிற புள்ள, உங்க குன்றுல இருந்தாத்தான வருவான்."

"வர மாட்டான். என்ன பண்றது. நீங்க இருக்கற வரைக்கும் நீங்க போடுங்க."

"நீங்க?"

"எனக்கென்ன, பஸ் இருக்கு. வருஷத்துக்கு ஒரு தடவ வர்றேன். கதவத் தட்டுவேன், நீங்க திறந்தாப் போதும்." கப்சன் இதை லேசாகத்தான் சொன்னாள். ஆனால் அவள் கட்டைவிரல் அந்தக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தது. கண்ணாடியில் தூசு ஒன்றும் இல்லை.

"எதுக்கு இப்படிச் சொல்றீங்க?" என்று கேட்டாள் ஓக்சிம். அவள் குரலே அவளுக்குக் கேட்கவில்லை.

கப்சன் கடலைப் பார்த்தாள். "அவன் அங்க வெளிநாட்டுல இருந்தப்ப, மாசத்துக்கு ஒரு தடவ போன் பண்ணுவான் சம்பந்தியம்மா. சந்தை ஆபீசு போனுக்கு வரும். சுத்தி ஆளுங்க நிப்பாங்க. நான் சாப்பிட்டியா, காசு அனுப்பினியான்னு கத்துவேன். அவன், 'அம்மா, வேலை முடிஞ்சா இங்க பேசறதுக்கு ஒருத்தரும் இல்லம்மா'ம்பான். நான், 'அதெல்லாம் இருக்கட்டும், காச வீணாக்காத, போன வை'ம்பேன். ஒவ்வொரு மாசமும் நாந்தான் போன வெப்பேன். அவன் வெக்க மாட்டான்." மூச்சை இழுத்துக்கொண்டாள். "அவன் என் குன்றுல இருந்தா என்ன, உங்க தோட்டத்துல இருந்தா என்ன. பக்கத்துல பேச ஒருத்தி இருக்கணும். அவ்வளவுதான் எனக்கு."

மிரானை அந்த வாடகை அறையில் கண்டுபிடித்தது இரண்டு நாள் கழித்து. ஃபாக்டரியில் ஆள் வரவில்லை என்று சம்பளத்தைப் பிடித்தார்களே தவிர, ஏன் வரவில்லை என்று ஒருவரும் போய்க் கதவைத் தட்டவில்லை. ஒரு பெட்டி, ஒரு கண்ணாடி, ஒரு ஆள் படுக்கிற மெத்தை. பக்கத்தில் ஒருத்தர் இருந்திருந்தால் இருமல் சத்தமாவது கேட்டிருக்கும். அந்த அறையைப் பற்றி ஓக்சிம் யாரிடமும் பேசியதில்லை. இந்தக் கருவாட்டுக்காரிக்கு அது தெரியாது. தெரியாமலே அதைத்தான் பேசிக்கொண்டிருந்தாள்.

தோட்டத்து மேட்டை ஓக்சிம் நினைத்துப் பார்த்தாள். தான் இருக்கிற வரைக்கும் அங்கே ஓர் ஆள் போய் உட்காரும். அப்புறம் இரண்டு மேடுகளிலும் புல் முளைக்கும், புருஷனின் அண்ணன்மார் உழவு மாட்டைக் கட்டுவார்கள். கிழக்குக் கடற்கரையில் இந்த மனுஷி வெறும் குன்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். தன்னால் கொடுக்க முடியாததை, கேட்ட மாத்திரத்தில், கஞ்சி ஆறுவதற்குள் எடுத்து நீட்டிவிட்டாள் இவள். அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய் எப்படிச் சோறு தின்பது?

"வேணாம்," என்றாள் ஓக்சிம்.

கப்சன் திரும்பினாள். "இதுவும் வேணாமா?" என்றாள். முதல் தடவையாக அவள் முகம் கலங்கியது.

"மாப்பிள்ளை மாமியா வீட்டுல வந்து குந்தினா ஊரு சிரிக்கும். எம் பொண்ணுக்கும் அசிங்கம்." ஓக்சிம் மடியிலிருந்த படத்தை எடுத்தாள். உடனே கொடுத்துவிடவில்லை. சட்டத்தின் ஓரத்தைத் தடவினாள், கல்லில் உரசிய இடத்தில் ஒரு சின்னக் கீறல் விழுந்திருந்தது. "அவளே அங்க வரட்டும்."

"சம்பந்தியம்மா, எனக்காகச் சொல்லாதீங்க. பின்னாடி நெஞ்சு வேகும்."

"வேகத்தான் வேகும். பெத்து வெச்சா வேகாம இருக்குமா?"

அவள் படத்தை நீட்டினாள். கப்சன் இரண்டு கையாலும் வாங்கினாள். ஆனால் ஓக்சிமின் விரல்கள் மறுமுனையை விடவில்லை. இரண்டு பேரும் அப்படியே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கடைக்காரி எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

"அவ அவரைக்காய் சாப்பிட மாட்டா," என்றாள் ஓக்சிம். "சின்ன வயசுலேருந்து. படையல்ல வெச்சுடாதீங்க."

"வெக்க மாட்டேன்."

"யாராவது அதட்டிப் பேசினா பதில் பேசத் தெரியாது. உள்ளுக்குள்ளேயே வெச்சுக்குவா."

"எங்க வீட்டுல அதட்டற ஆளு நான் ஒருத்திதான். நான் அதட்ட மாட்டேன்."

"காலையில சீக்கிரம் எந்திரிக்க மாட்டா சம்பந்தியம்மா." ஓக்சிமின் குரல் உடைந்தது. "சோம்பேறின்னு நினைச்சுடாதீங்க. ராத்திரி ஷிப்டு பாத்த உடம்பு. நானும் தெரியாம, லீவுக்கு வந்தப்பல்லாம் விடிஞ்சதும் போர்வைய இழுத்து இழுத்து எழுப்பிட்டேன்."

கப்சன் அந்தப் படத்தைத் தன் பக்கம் சாய்த்து, குழந்தையின் தலையைத் தாங்குகிற மாதிரி கையை அடியில் கொடுத்தாள்.

"நான் எழுப்ப மாட்டேன்," என்றாள். "எவ்வளவு நேரம் வேணுமோ, தூங்கட்டும்."

அதைக் கேட்ட பிறகுதான் ஓக்சிம் கையை விட்டாள்.